ஒற்றைக் கொம்பு மான்

"அப்பா, எல்லாரும் புதுச் சின்னம்தான் குத்திக்கிட்டு வரணும்னு அழைப்புலயே போட்டிருக்காங்க."

மகள் கழுகு பொறித்த பித்தளைச் சின்னத்தை நீட்டினாள். பெரியவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர் கோட்டில் ஏற்கெனவே ஒற்றைக் கொம்பு மான் ஏறியிருந்தது.

மான், ராணுவத்தில் அவர் இருந்த பழைய ரெஜிமென்ட்டின் சின்னம். எந்தக் காலத்திலோ மூடுபனியில் வழி தெரியாமல் ஆற்றங்கரையில் நின்ற படைக்கு முன்னால், ஒரு கொம்பு முறிந்த மான் தண்ணீரில் இறங்கி நடந்ததாம். அதன் பின்னாலேயே எல்லோரும் கரையேறினார்களாம். பிறகு அந்த ரெஜிமென்ட்டை இன்னொன்றோடு சேர்த்துவிட்டார்கள். மான் போய்க் கழுகு வந்தது.

"மேடையில உங்களைக் கௌரவிக்கப் போறாங்கப்பா. அங்க போய் வம்பா?"

"மேடையே வேண்டாம்னு நேத்தே போன்ல சொல்லிட்டேன். வண்டியை எடு."

மண்டப வாசலில் முன்னாள் படைவீரர் சங்கச் செயலாளர் மறித்தார்.

"அண்ணே, நீங்களே இப்படிப் பண்ணலாமா? கழுகு குத்தினவங்களும் நம்ம பிள்ளைங்கதானே?"

"அவங்க மேல எனக்கென்ன வருத்தம்? கடைசி வரிசையில உட்கார்ந்துக்கறேன், விடுப்பா."

"இந்த வயசுலயும் வீம்பு போகல," என்று யாரோ முணுமுணுத்தார்கள். மகளுக்கு முகம் சுண்டிப்போனது.

கடைசி வரிசை ஓரத்தில், சக்கர நாற்காலியில் ஒருவர் எங்கோ வெறித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர் மனைவி. பெரியவர் நேரே போய் அந்த நாற்காலி முன்னால் குனிந்தார்.

வெறித்த கண்கள் மானிடம் வந்து நின்றன. விரல் மெல்ல அதைத் தடவியது.

"நம்ம ஆளா நீ?"

"நம்ம ஆளேதான்டா."

"பாரக்ல நான் ரெண்டாவது கட்டில். நீ?"

"மூணாவது."

"அடப்பாவி! அந்தக் குறட்டை நீதானா?"

இருவரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். சமையல்காரரை ஏமாற்றியது, ஒரே பூட்ஸை மாற்றி மாற்றிப் போட்டுப் பரேடுக்குப் போனது என்று பேச்சு ஓடியது.

மகள் அருகில் வந்தாள். அந்த மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ரெண்டு வருஷமா என்னையே யாருன்னு கேக்கறார்மா. போன வருஷம் உங்கப்பா கழுகு குத்திக்கிட்டு ஆசையா வந்து கட்டிப்பிடிச்சார். இவர் பயந்துபோய், 'யார்றா நீ, வெளிய போ'ன்னு விரட்டிட்டார்."