கால்ல இருக்கேன்

பொழிச்சலூரின் மொட்டைமாடிகளை உரசுவதுபோல ஒரு விமானம் இறங்குகிறது. அதன் வெளிச்சம் ஜன்னல் கம்பிகளை ஸ்ரீவித்யாவின் மடியில் ஒரு கணம் விரித்துவிட்டுச் சுருட்டிக்கொள்கிறது. இரைச்சலில் திடுக்கிட்ட குழந்தை, அப்போதுதான் கவ்விய காம்பை விட்டுவிட்டு வீறிடுகிறது. காம்பு வெடித்திருக்கிறது. மறுபடி வாய் பட்டதும் உச்சந்தலைவரை சுரீரென்கிறது, பல்லைக் கடித்துக்கொள்கிறாள். நைட்டியில் சிந்திக் காய்ந்த பால், கஞ்சி போட்டதுபோல விறைத்து, புளித்து நாறுகிறது. பக்கத்து அறைக் கதவு கொஞ்சமாகத் திறக்கிறது. அவள் கணவன் நிகில், ஹெட்செட்டின் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, "வித்யா, அழாம பாத்துக்கோயேன். கால்ல இருக்கேன்" என்கிறான். அவள் காலும்தான் குழந்தையைத் தாங்கித் தாங்கி மரத்துக் கிடக்கிறது. "தண்ணி பாட்டில மட்டும் எடுத்துக் குடுத்துட்டுப் போயேன்" என்கிறாள். பால் கொடுக்க உட்கார்ந்தாலே அவளுக்குத் தொண்டை வறண்டுவிடுகிறது. பாட்டில் எட்டாத தூரத்தில், டைனிங் டேபிளில் நிற்கிறது. "டூ மினிட்ஸ்" என்று இரண்டு விரலைக் காட்டிவிட்டுக் கதவைச் சாத்துகிறான். மெல்லிய பிளைவுட் கதவு. நாவலூர் ஆபீஸில் நைட் ஷிஃப்டில் இருக்கும் யாரிடமோ அவன் சிரித்தபடி சொல்வது அப்படியே கேட்கிறது: "சாரி ப்ரோ, நம்ம வீட்ல இல்ல. பக்கத்து ஃப்ளாட் குழந்தை. நைட் ஃபுல்லா இதே பேஜார்தான்." ஸ்ரீவித்யா மடியைப் பார்க்கிறாள். அப்பாவை அப்படியே உரித்து வைத்திருக்கிறது என்று பார்த்தவர்கள் எல்லாம் சொன்ன முகம், கண்ணை மூடிக்கொண்டு மடக் மடக்கென்று குடிக்கிறது. பக்கத்து ஃப்ளாட், இவர்கள் குடிவந்த நாளிலிருந்து பூட்டியே கிடக்கிறது.