அழுத்திப் பிடிக்கும் நேரம்

கார் தொழிற்சாலையின் வெல்டிங் பிரிவு மேற்பார்வையாளர் யோவேல் அன்றைக்கும் வழக்கம்போல் மாதிரித் துண்டு ஒன்றை உளியால் பிளந்து பார்த்தார். பற்றவைத்த புள்ளி விட்டுப்போகாமல், அடித்தகட்டையும் கிழித்துக்கொண்டு பொத்தான்போல முழுசாகப் பெயர்ந்து வந்தது. தேறிவிட்டதென்று கையெழுத்துப் போட்டார். பரிசோதனைக் கூடத்து மேகலா மட்டும் இன்னொரு துண்டை அறுத்து, மெருகேற்றி, லென்ஸில் பார்த்துவிட்டு வேகமாக வந்தாள்.

"இன்னைக்குப் போட்ட புதுத் தகட்டுல, புள்ளி ஓரத்துல மயிரிழை விரிசல் இருக்கு சார். மேல்பூச்சுத் துத்தநாகம் உருகி இரும்புக்குள்ள இறங்குது. புள்ளி இறுகறதுக்குள்ள, பற்றவைக்கிற செம்பு முனை தகட்டை விட்டுடுது. கரண்ட் நின்ன பிறகும் கொஞ்சம் அழுத்திப் பிடிச்சிருந்தா போதும்."

"எவ்வளவு நேரம்?"

"கண் சிமிட்டுற நேரம்தான்."

"ஒரு வண்டிக்கு நாலாயிரம் புள்ளிம்மா. இன்னைக்கு எண்ணிக்கை முடியட்டும். நாளைக்கு நேரத்தைக் கூட்டிக்கலாம்."

மறுநாள் கூட்டினார். விரிசல் விழுவது நின்றது. முந்தைய நாள் வெளியே போன நாற்பத்தொரு வண்டிகளைப் பற்றி அவர் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

ஒரு வருடம் கழித்து, அவர் கூப்பிட்ட வாடகைக் கார் வீட்டு வாசலில் வந்து நின்றது. அவர்கள் செய்த வண்டிதான். கதவோரத் தகட்டில் தயாரித்த மாதம் பொறித்திருந்தது. அதே மாதம்.

"ஒரு கீறல் விழாம வச்சிருக்கேன் சார்" என்றார் ஓட்டுநர்.

இரண்டு கதவுகளுக்கும் நடுவிலிருந்த தூணில் யோவேல் கட்டைவிரலை வைத்தார். பெயின்டுக்கு அடியில் அந்தப் புள்ளி எங்கே இருக்குமென்று அவருக்குத் தெரியும்.

"ஏறுங்க சார், நேரமாகுது."

அவர் விரலை எடுக்கவில்லை. அழுத்திப் பிடித்தபடியே நின்றார்.