எட்டிப் பார்த்தவள்

ஒரே அலுவலகத்தில் ஒரே நாளில் வேலை இழந்த இருவரில் மரகதவல்லிக்கு மட்டும் மூன்றே வாரத்தில் புது வேலை கிடைத்தது. பிலோமினா தினமும் காலை ஜெபம் முடித்த கையோடு லிங்க்ட்இனில் மரகதவல்லியின் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். புதுப் பதவி, புதுப் படம், முந்நூறு வாழ்த்துகள். வயிறு எரிந்தது. யார் வந்து பார்த்தார்கள் என்று அந்தத் தளம் காட்டிக்கொடுக்கும் என்பது அவளுக்குத் தெரியாது.

இருபதாம் நாள் மரகதவல்லி செய்தி அனுப்பினாள்: "தினமும் எட்டிப் பார்த்துட்டு ஒண்ணும் கேக்காமயே போறீங்களேக்கா. எங்கிட்ட என்ன கூச்சம்? இங்க எங்க மேனேஜர்ட்ட உங்களப் பத்திச் சொல்லிட்டேன். நாளைக்குக் கூப்பிடுவாரு."

அதற்கு மேலே, வேலை போன வாரத்தில் மரகதவல்லி அனுப்பிய செய்தி பதிலில்லாமல் கிடந்தது: "அக்கா, நான் வேலை செஞ்சதப் பத்தி என் பக்கத்துல ரெண்டு வரி நல்லதா எழுதுங்களேன். வேலை தேட உதவும்."

பிலோமினா அந்த இரண்டு வரியை எழுத உட்கார்ந்தாள். முதல் வரியையே நான்கு முறை அழித்தாள்.