கௌர்ஹரியின் சட்டை

"முதுகுக்கு எண்ணெய் பூச ஆளைக் காணோமே! எங்கே போய்த் தொலைஞ்சான் அந்த ரசகுல்லா?"

மேடைக்குப் பின்னால் நின்று கத்திக்கொண்டிருந்தார் கானாய் சாதுகான். வயது எழுபத்திரண்டு. ஆனால் கழுத்துக்குக் கீழே பார்த்தால் யாரும் ஐம்பதுக்கு மேல் மதிக்க மாட்டார்கள். சர்க்கரையைக் கண்ணால்கூடப் பார்க்காமல் வளர்த்த உடம்பு.

ரசகுல்லா என்றது பால்ய சிநேகிதர் கௌர்ஹரி மோதக்கை. சோபாபஜாரில் மிட்டாய்க்கடை. கடைக்கு முதலில் வயிறு வரும், பின்னாலேயே அவர் வருவார். ஆணழகன் போட்டி எங்கே நடந்தாலும் கானாயின் முதுகுக்கு எண்ணெய் பூசுவது அவர்தான். இன்றைக்கு என்று பார்த்து ஆளைக் காணோம்.

இன்றைய போட்டிதான் கானாய்க்கு உயிர். போன ஜனவரியில் இதே மைதானத்தில், எழுபது தாண்டியோர் பிரிவுக்காக எண்ணெய் பளபளக்கக் காத்திருந்தார். "நேரமில்லை பெரியப்பா, உங்க பிரிவு ரத்து" என்று சொல்லிவிட்டான், போட்டி நடத்தும் தபஸ். மனுஷன் ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. அப்புறம் மிட்டாய்க்கடை பெஞ்சில் உட்கார்ந்து, "அடுத்த வருஷம் இந்த உடம்பு இருக்குமோ என்னவோடா" என்று மட்டும் சொன்னார்.

கடைசியில் ஹௌராவிலிருந்து வந்திருந்த பூஷண், போட்டியாளர் என்றும் பார்க்காமல், முதுகுக்கு எண்ணெய் பூசிவிட்டார்.

"எழுபது தாண்டியோர் பிரிவு!" மைக்கில் தபஸின் குரல்.

கானாய் ஏறினார். பூஷண் ஏறினார். மூன்றாவதாக ஏறியவரைப் பார்த்து மைதானமே கொல்லென்று சிரித்தது.

கௌர்ஹரி!

ஐப்பசி பிறந்தால் குரங்குக் குல்லாயும் சால்வையுமாகத் திரிகிற மனுஷன், மார்கழிக் குளிரில் ஒரு துண்டு ஜட்டியோடு நின்றார். துர்க்கை சிலையைக் கரைக்க கங்கையில் இறங்கும்போதுகூடச் சட்டையைக் கழற்றாதவர். எண்ணெய் பூசிய உடம்பில் வயிறுதான் அதிகம் ஜொலித்தது.

"மோதக் ஐயா, பாகு சொட்டுது!" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல். விசில் பறந்தது.

கானாய் பல்லைக் கடித்தார். "இங்க என்னடா பண்றே?"

"போட்டிக்கு வந்திருக்கேன்."

"என்னைக் கிண்டல் பண்ணத்தானே வந்தே?"

"கையைத் தூக்குடா, எல்லாரும் பாக்கறாங்க."

கானாய் கையை மடக்கினால் கௌர்ஹரியும் மடக்கினார். கானாய் தொடையை இறுக்கினால் அவரும் இறுக்கினார். இறுகியது முகம் மட்டும்தான். ஜனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. இத்தனை வருஷம் ரசகுல்லா என்று கூப்பிட்டதற்கு, நேரம் பார்த்துப் பழி வாங்கிவிட்டானே என்று கானாய்க்கு உள்ளே எரிந்தது.

எரிச்சலோடு திரும்பி நின்று முதுகை விரித்தார். அவ்வளவுதான், சிரிப்பு நின்றது. தோளிலிருந்து இடுப்பு வரை ஒவ்வொரு தசையாக எழுந்து வந்ததைப் பார்த்துக் கூட்டம் நாற்காலியை விட்டு எழுந்தது. "குரு! குரு!" என்ற கத்தலில் மைக்கே கேட்கவில்லை.

முதல் பரிசு கானாய்க்கு. இரண்டாவது பூஷணுக்கு. மூன்றாவது, வேறு வழியில்லாமல், கௌர்ஹரிக்கு. பதக்கம் வயிற்றின் மேல் படுத்துக்கொண்டது.

கானாய் சட்டையை மாட்டிக்கொண்டு நேரே மிட்டாய்க்கடைக்குப் போனார். அங்கே கௌர்ஹரி ஸ்வெட்டர், சால்வை, குரங்குக் குல்லாய் எல்லாம் போட்டுக்கொண்டு தும்மிக்கொண்டிருந்தார்.

"எத்தனை நாளாடா காத்திருந்தே, என் மானத்தை வாங்க?"

"ஹச்!" என்றார் கௌர்ஹரி. பாகு கொதிக்கிறது என்று முனகிக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

மைதானத்திலிருந்து திரும்பிக் கல்லாவில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி ஷெஃபாலிக்குப் பொறுக்கவில்லை.

"அவரைத் திட்டாதீங்க. சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காரு. ஆனா நான் சொல்லத்தான் போறேன்."

"என்ன அண்ணி?"

"போன வாரம் தபஸ் சந்தேஷ் வாங்க வந்தான். இந்தத் தடவையும் உங்க பிரிவுக்கு ரெண்டே பேருதான் பேர் குடுத்திருக்காங்களாம். மூணு பேர் இல்லேன்னா போட்டியே கிடையாதாம். போன வருஷமும் அதேதான் கதை. உங்க மனசு நோகும்னுதான் நேரமில்லேன்னு சொன்னாங்களாம்."

கானாய் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"இவரு உடனே, சேர்றதுக்கு உடம்பு எப்படி இருக்கணும்னு கேட்டாரு. வயசு எழுபது ஆயிருந்தாப் போதும்னான் தபஸ். 'அது எங்கிட்ட இருக்கு, பேரை எழுதிக்கோ'ன்னுட்டாரு."

கானாய் பெஞ்சிலிருந்து எழுந்தார். மேடையில் கேட்ட அத்தனை சிரிப்பும் இப்போது திரும்பக் கேட்டது. சந்தோஷத்தையும் வெட்கத்தையும் எங்கே வைப்பதென்று தெரியாமல் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"டேய் கௌர்! இப்படி வா. முதுகுல எண்ணெய் அப்படியே இருக்கும். நான் துடைச்சு விடறேன், சட்டையைக் கழட்டு."

"அதெல்லாம் கழட்ட மாட்டேன், போடா!" என்று உள்ளேயிருந்து பதறிக்கொண்டு வந்தது பதில்.

ஷெஃபாலி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அவரு கழட்ட மாட்டாருங்க. கல்யாணம் ஆனதுலேருந்து வெளக்கை அணைச்சப்புறம்தான் சட்டையைக் கழட்டுவாரு. நானே இன்னிக்குத்தான் முதமுதல்ல பாத்தேன், ஊரோட சேர்ந்து!"