இரண்டாவது டோக்கன்

“எவன் பெட்டியில இருந்துப்பா இதை அடிச்சே?” என்றார் மால்ட்பி. குரலில் கேலி இருந்தது. ஆனால் பூதக்கண்ணாடியைக் காசை விட்டு எடுக்கவில்லை.

“வயல்ல கிடைச்சது சார்,” என்றான் ஆல்வின்.

மாதத்தின் முதல் சனிக்கிழமை காலையில் ஊர் மண்டபத்தில் மேசை போட்டு உட்காருவார் மால்ட்பி. மண்ணில் கிடைத்த எந்தப் பழைய காசானாலும் இன்னதென்று பார்த்துச் சொல்வார். ஆனால் அவருடைய உயிர் டோக்கன்களில்தான் இருந்தது. அரசாங்கம் சில்லறை அடிக்காமல் விட்ட காலத்தில், கடைக்காரர்கள் தங்கள் பெயரைப் போட்டுத் தாங்களே அடித்துக்கொண்ட செப்புக் காசுகள் அவை.

லிங்கன்ஷயர் மாவட்டக் கடைக்காரர்களின் டோக்கன்களைப் பற்றி அவர் எழுதிக்கொண்டிருந்த புத்தகத்துக்கு ஒரே ஒரு டோக்கன்தான் பாக்கி. இருபது வருடமாகக் கண்ணில் படாத அது, இப்போது அவர் உள்ளங்கையில் கிடந்தது.

“வெயின்பி ஊர் மெழுகுவத்தி வியாபாரி. இதோ பாரு, கழியில மூணு மெழுகுவத்தி தொங்குது. ஆயிரத்து அறுநூத்தி அறுபத்தேழு!”

“அவ்வளவு பழசா? நிச்சயமாத் தெரியுமா சார்?”

“வருஷமே போட்டிருக்கேப்பா.”

ஆல்வின் பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டான். எதைக் கொண்டுவந்தாலும் இதே கேள்விதான், பழசு என்றதும் இதே பெருமூச்சுதான். பிறகு சட்டைப் பையிலிருந்து வரைபடத்தை எடுத்து, அது கிடைத்த வயல் மூலையின் குறுக்கே பென்சிலால் கோடு போடுவான்.

கிடைத்த இடத்தைக் குறித்து வைத்துக்கொள்கிறான், கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொள்வார் மால்ட்பி. மூன்று வருடமாக நாற்பது மைல் தாண்டி வருகிறான். லாரி ஓட்டுகிறவன், லீவு நாளெல்லாம் உலோகம் காட்டும் கருவியோடு வயலில் கிடக்கிறவன் என்பதற்கு மேல் அவனைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது. கேட்டதும் இல்லை.

“உங்க சேத்து மாப்பிள்ளை வந்தாச்சா?” தேநீரோடு வந்த, மண்டபத்தைக் கவனித்துக்கொள்ளும் டோரீன் ஆல்வினின் சேறு அப்பிய பூட்ஸைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். “தரையை இன்னிக்கு நீங்கதான் துடைக்கணும், மால்ட்பி.”

“இன்னிக்கு மண்டபம் முழுக்கத் துடைக்கிறேன், போ!”

ஆல்வின் தேநீரைத் தொடவில்லை. காசைக் குனிந்து பார்த்தான். “நடுவுல இந்த மூணு எழுத்து என்ன சார்?”

“மேல குடும்பப் பேரு. கீழ ஒரு பக்கம் புருஷன், ஒரு பக்கம் பெண்டாட்டி. கடை ரெண்டு பேருக்கும் சொந்தம்னு அர்த்தம்.”

“பிள்ளைங்க எழுத்தைப் போட மாட்டாங்களா?”

“அதுக்கு ஏதுப்பா இடம்?” மால்ட்பி சிரித்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார். “என்ன விலை வேணும், சொல்லு.”

“நீங்களே வெச்சுக்கோங்க சார்.”

மால்ட்பிக்குச் சுருக்கென்றது. இதையே சும்மா கொடுக்கிறான் என்றால் இதைவிடப் பெரிதாக எதையோ கண்டுபிடித்திருக்கிறான். “ஏம்ப்பா, என்கிட்டயே ஒளிக்கிறியா? இன்னும் என்ன கிடைச்சுது?”

ஆல்வின் ஒரு தீப்பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தான். உள்ளே பஞ்சுக்கு நடுவில், களிமண் அப்பிய வட்டமான வில்லை ஒன்று.

“அதே வயல்தான். நான் கழுவலை சார். நீங்களே கழுவிடுங்க.” சொல்லிவிட்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான்.

அதே அளவு, அதே கனம். ஒரே நாளில் இரண்டா! மால்ட்பி தண்ணீரைத் தொட்டுத் தொட்டு, பல்குச்சியால் மண்ணைப் பதமாகக் கிளறினார். ஓர் எழுத்து தெரிந்தது. பக்கத்தில் இன்னொன்று. அவர் முகத்தில் இருந்த வெளிச்சம் அணைந்தது.

“அட, போப்பா. இது பித்தளை. மெஷின்ல பொறிச்ச எழுத்து. மிஞ்சிப்போனா பத்துப் பதினஞ்சு வருஷம் இருக்கும்.”

இந்தத் தடவை பெருமூச்சு வரவில்லை. ஆல்வினின் பென்சில் வரைபடத்தின்மேல் அப்படியே நின்றது.

“இன்னொரு தடவை நல்லாப் பாருங்க சார். பழசுன்னு சொல்லுங்க, நான் நம்பிக்கிறேன்.”

“நான் சொன்னா பழசாயிடுமா? நாய்க் கழுத்துல மாட்டற வில்லைப்பா இது. ‘டாஃபி’ன்னு பேரு போட்டிருக்கு.” மால்ட்பி வில்லையைத் திருப்பினார். “பின்னால போன் நம்பர்கூட இருக்கு. கூப்பிட்டுச் சொல்லு, நாய்க்காரங்க ஒரு கேக்காவது வாங்கித் தருவாங்க. எழுதிக்கோ. ஏழு, நாலு, நாலு...”

“ஒண்ணு, எட்டு, ரெண்டு,” என்றான் ஆல்வின், ஜன்னலைப் பார்த்தபடியே.

மால்ட்பி கண்ணாடிக்குள் பார்த்தார். ஒண்ணு, எட்டு, ரெண்டு. பூதக்கண்ணாடியை மெதுவாகக் கீழே வைத்தார்.

“உனக்கெப்படித் தெரியும்?”

“எங்க வீட்டு நம்பர் சார். பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி, டாஃபியைக் கூட்டிட்டு நடக்கப் போன எம் பொண்ணு இன்னும் வீட்டுக்கு வரலை.”