எமனுக்குப் பாக்கி

எமனுக்குப் பதினோரு ரூபாய் எட்டணா பாக்கி. அது கைக்கு வரும்வரை ஒரு உயிரையும் எடுப்பதில்லை என்று, பாசக்கயிற்றைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு, கித்தானில் வரைந்த மரத்துக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டான்.

மரத்துக்கு முன்னால் நாயகன் சாகத் தயாராகப் படுத்திருந்தான். அவன் தலை நாயகியின் மடியில் இருந்தது. புருஷன் உயிரை எமனிடம் வாதாடி மீட்கிற மனைவியின் கதை. படங்கள் பேசத் தொடங்கியிருந்த புதிது. கூரையில்லாத கொட்டகையில் வெயிலை நம்பித்தான் படம் பிடித்தார்கள்.

வெயில் இறங்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. விடிந்தால் வாடகைக் காமிராவைத் தூக்கிப் போக ஆள் வந்துவிடும்.

"இன்னிக்கு இவன் சாகலன்னா படம் செத்துடும்ப்பா" என்றார் மேனேஜர், முக்காலியில் உட்கார்ந்தபடி.

"அது உங்க பாடு. பணம் வந்தா உயிர் போகும்."

எமன் சரக்குக் கிடங்கில் மூட்டை தூக்குகிறவன். தோள் அகலத்தைப் பார்த்து நாற்பது பேரில் இவனைப் பொறுக்கி எடுத்திருந்தார்கள். பத்து நாளாக மூட்டைக்குப் பதில் கிரீடம் தூக்கிக்கொண்டிருந்தான். அதுவும் லேசாக இல்லை.

நாயகி, புருஷன் தலையை இறக்கி ஒரு செங்கல்மேல் வைத்துவிட்டு எழுந்து வந்தாள். மேனேஜர் எழுந்து நின்றார். அவள் முக்காலியில் உட்கார்ந்தாள்.

"என்ன எமதர்மண்ணே, என் வீட்டுக்காரர் வெயில்ல காயறாரு. சட்டுன்னு கூட்டிக்கிட்டுப் போகக் கூடாதா?"

"உங்களுக்கென்னம்மா, கதாநாயகி. முன்பணமே ஆயிரக்கணக்குல வாங்கியிருப்பீங்க."

"ஒரு தம்பிடி வாங்கலண்ணே. கழுத்துல கிடந்ததும் போச்சு. இப்ப மாட்டியிருக்கிறதெல்லாம் காகிதம்."

எமனுக்கு மனசு இளகிவிட்டது. "பார்த்தீங்களா, பொம்பளைன்னுகூடப் பார்க்கல. வெளியூர்ல இருக்காராம் முதலாளி. ஒரு நாளாவது மூஞ்சியைக் காட்டினானா? சரியான கஞ்சன்."

"கஞ்சன்னா அப்படி இப்படி இல்லண்ணே. தலைக்கு எண்ணெய் வைக்கக்கூட நாலு தரம் யோசிக்கிற ஜென்மம்."

மேனேஜருக்கு இருமல் வந்தது.

"சரி, அந்தப் பணத்தை வெச்சு என்ன பண்ணப் போறீங்க?" என்று கேட்டாள்.

எமன் குரலைத் தாழ்த்தினான். "பழைய வண்டி ஒண்ணு வாங்கிப் போட்டிருக்கேன்மா. இழுக்கத்தான் மாடு இல்ல. இன்னிக்குள்ள முன்பணம் கொடுக்கலன்னா மாட்டுக்காரன் வேற ஆளுக்குக் கொடுத்துடுவான். முதுகு போயிட்டுதும்மா. இன்னும் ஒரு வருஷம் மூட்டை தூக்கினா என்னையே நாலு பேர் தூக்க வேண்டியதுதான்."

அவள் கம்பத்தில் கட்டியிருந்த எருமைக்கடாவைப் பார்த்தாள். எமனின் வாகனம் காலையிலிருந்து மூன்றாவது கட்டு வைக்கோலை மென்றுகொண்டிருந்தது.

"உங்களையே சுமக்குதே, அது வண்டி இழுக்காதா?"

"இழுக்காம என்னம்மா, யானையையே இழுக்கும்."

"இன்னியோட அதுக்கு இங்க வேலை முடிஞ்சுது. கூலிக்குப் பதிலா ஓட்டிக்கிட்டுப் போங்க."

"அம்மா, முப்பது ரூபாய் கொடுத்து வாங்கின..." என்று ஆரம்பித்தார் மேனேஜர். அவள் திரும்பிப் பார்த்தாள். மேனேஜர் மீதியை விழுங்கிவிட்டார்.

எமனின் முகம் மலர்ந்து, உடனே வாடியது. "நீங்க நல்ல மனசுல சொல்றீங்க. நாளைக்கு அந்த ஆள் வந்து, எமன் எருமையைத் திருடிட்டான்னு போலீஸ்ல சொன்னா? வேஷத்தைக் கலைச்சா நான் வெறும் மூட்டைக்காரன்மா. முதலாளி கைப்பட எழுதிக் கொடுக்கட்டும்."

மேனேஜர் ஒரு காகிதத்தை எடுத்து, 'பதினோரு ரூபாய் எட்டணா பாக்கிக்கு ஈடாக எருமைக்கடா ஒன்று' என்று எழுதினார். எழுதியதை நாயகியிடம் நீட்டினார். அவள் வளையல்களை மேலே தள்ளிவிட்டு, பென்சிலை வாங்கி அடியில் பெயரைப் போட்டாள். காகிதத்தை எமன் கையில் கொடுத்துவிட்டுப் போய், செங்கல்லை அகற்றிப் புருஷன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

எமன் எழுத்துக் கூட்டி முழுவதையும் படித்தான். கடைசி வரியில் விரல் நின்றது.

"என்னம்மா இது, நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க. முதலாளியில்ல போடணும்?"

"முதலாளிதாண்ணே போட்டிருக்கேன். நீங்க கயித்தைப் போடுங்க."