தாங்குகிற கொக்கி

“இதுல எதும்மா எந்தக் காரணத்துக்காகவும் விடாது?”

கடைக்காரி நிமிர்ந்து பார்த்தாள். பாறை ஏறுகிறவர்களுக்குச் சாமான் விற்கிற கடை அது. சுவர் முழுக்கக் கயிறுகள், தலைக்கவசங்கள், வரிசை வரிசையாகக் கொக்கிகள். அங்கே வருகிறவர்கள் அந்தக் கொக்கியைக் ‘காராபைனர்’ என்று வாய் நிறையச் சொல்லித்தான் கேட்பார்கள். இந்தப் பெரியவரோ சட்டைப் பொத்தானையே மாற்றிப் போட்டிருந்தார். சவரம் செய்து நாலு நாள் இருக்கும்.

“யாருக்கு சார்?”

“பையனுக்கு. நாளைக்குக் காலையில வேணும்.”

“எத்தனை நாளா ஏறறாரு?”

“மூணு மாசம்.”

“மூணே மாசமா! அவரையே கூட்டிட்டு வந்திருக்கலாமே சார். செருப்பு வாங்கவே கால் வேணும். இது உயிர் சமாச்சாரம்.”

“அவனால வர முடியாதும்மா.”

பூட்டு வைத்த கொக்கிகளை விற்பவளுக்குத் தன் வாய்க்கு மட்டும் பூட்டு கிடையாது. “அதுசரி, ராஜா வீட்டுப் பிள்ளை!” என்று முணுமுணுத்தபடி லேசான அலுமினியக் கொக்கி ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். பெரியவர் விரலால் தொட்டார். அது சட்டென்று வாயைத் திறந்தது. சுட்டதுபோல் கையை இழுத்துக்கொண்டார்.

“தொட்டதுமே திறக்குதே! இது வேணாம், வேணவே வேணாம்.”

“சரி, இது திருகுப் பூட்டு. மாட்டினதும் இறுக்கித் திருகிட்டு, ஒரு தடவை அழுத்திப் பாக்கணும். பையன்கிட்ட மறக்காம சொல்லுங்க.”

“அவன் பூட்ட மாட்டான். கூட இருக்கிறவங்கதான் பூட்டுவாங்க.”

“நல்ல செல்லம் குடுத்து வச்சிருக்கீங்க போங்க!”

பெரியவர் சிரிக்கவில்லை. “ரெண்டு பேர் பாரம் தாங்குமா? ஒருத்தர் அவனைப் பிடிச்சுக்கிட்டே வருவாராம்.”

பயிற்சி கொடுக்கிற ஆள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். “அப்போ எஃகுலயே வாங்கிக்குங்க. கனமா இருக்கும், பரவாயில்லையா?”

“எவ்வளவு கனமா இருந்தாலும் சரி.”

“நீளவாக்குல இழுத்தா ரெண்டு ஆள் என்ன, பத்து ஆளைத் தாங்கும். குறுக்குவாட்டுல மாட்டினா அதுல பாதிகூடத் தாங்காது.”

“நீளவாக்கு... நீளவாக்கு...” என்று பரீட்சைக்குப் படிக்கிறவர்போல் முணுமுணுத்தார். பிறகு பையிலிருந்து வீட்டுச் சாவிக்கொத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். சிவப்புக் கொக்கியில் மூன்று சாவிகள் தொங்கின.

“இதுவும் அதே மாதிரிதானே இருக்கு? இது ஏம்மா தாங்காது?”

அவள் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். ‘பாறை ஏற உதவாது’ என்று பொடி எழுத்தில் பொறித்திருந்தது.

“ஐயோ சார், இது சாவி மாட்டற கொக்கி! நாய்க்குட்டியைக்கூட இதுல கட்ட மாட்டேன். பையன்கிட்டயும் இதுதான் இருக்கா?”

“பிறந்த நாளுக்கு நான்தான் வாங்கிக் குடுத்தேன். ஜோடியாத்தான் தந்தாங்க. சிவப்புன்னா அவனுக்கு உசிரு. ஒண்ணை நான் வச்சுக்கிட்டேன்.”

“கண்ணாடி போட்டு இந்த எழுத்தைப் படிச்சிருக்கக் கூடாதா? முதல்ல போய் அதைப் பிடுங்கித் தூக்கிப் போடுங்க. பெத்த அப்பாவே எமனாயிடப் போறீங்க!”

பெரியவர் சாவிக்கொத்தைத் தள்ளி வைத்தார். எஃகுக் கொக்கியை இறுக்கினார், தளர்த்தினார், மறுபடி இறுக்கினார். கொஞ்சம் அதிகமாகத்தான் பேசிவிட்டோம் என்று அவளுக்கே உறைத்தது.

“சரி விடுங்க சார், தெரியாம வாங்கினதுதானே. இது உங்களை ஏமாத்தாது. நாளைக்கு நல்லபடியா ஏறிட்டு வரட்டும்.”

“ஏறறதுக்கு இல்லைம்மா, இறக்கறதுக்கு. மூணு நாளா பாறை இடுக்குல கிடக்கான். மீட்புக்காரங்க நாளைக்குத்தான் உடம்பைக் கீழே கொண்டு வர்றாங்க.” பெரியவர் கொக்கியை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டார். “அவங்ககிட்டயே எல்லாம் இருக்காம். நான்தான் கால்ல விழாத குறையா கேட்டுக்கிட்டேன், இந்தத் தடவையாவது நான் வாங்கிக் குடுக்கறது அவனைத் தாங்கட்டும்னு.”